முழங்கால் ஊசிக்கு ஓர் உறவினர்

'ஆழ்நிலைத் தொழிலாளர் மூட்டுநல நிலையம்' என்ற பெயரைப் பலகையில் எழுதி முடிக்கவே பெயிண்டருக்கு இரண்டு நாள் பிடித்ததாம். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் காலி செய்துவிட்டுப் போன பங்களாவில் அதைத் திறந்தார்கள். வாசலில் பதினாலு படிகள். ஏறி வரமுடிந்தவனுக்கு வைத்தியம் அவசரமில்லை. அவசரமானவன் ஏறி வரப்போவதில்லை. ஆகவே நிலையம் தொடங்கிய நாளிலிருந்து கூட்டம், கூச்சல், புகார் எதுவும் இல்லாமல் ஒழுங்காக நடந்துவந்தது.

மரியகுழந்தை 1967 ஆகஸ்ட் மாதம் அந்தப் படிகளில் ஏறினார். முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக ஏறினார். ஐம்பத்தாறு வயது. முப்பத்தோரு வருஷம் சுரங்கத்துக்குள் டிம்பர் வேலை. தலைக்கு மேலிருக்கும் பாறை இறங்கிவிடாமல் மரத்தால் முட்டுக் கொடுக்க வேண்டும். அதில் பாதி வேலை முழங்காலில் நின்றுதான். பாறை இறங்கவில்லை, முழங்கால் இறங்கிவிட்டது. கம்பெனி அவரை மேலே கொண்டுவந்து லாம்ப் ரூமில் விளக்குத் துடைக்கப் போட்டிருந்தது.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. மனைவி ஐடா போன டிசம்பரில் இறந்துபோனாள். தங்கம் பிரித்த கழிவு மண்ணைக் கொட்டிவைத்த சயனைடு மேட்டைச் சுற்றிக்கொண்டு போனால் வருகிற கல்லறைத் தோட்டத்தில், மூன்றாம் வரிசையில் அவளை அடக்கம் செய்திருந்தது. தவக்காலம் வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கே போய் உட்கார்ந்து, அந்த வாரத்துச் சங்கதிகளைச் சொல்லிவிட்டு வருவார். அவர் வாரத்தில் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசியது அங்கேதான். பிறகு முழங்கால் மறுத்துவிட்டது. ஐந்து மாதமாகப் போகவில்லை. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடந்தார், அடுப்பிடம் பேசினார்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் ஜனங்கள் எல்லாரும் தங்கள் தங்கள் வீட்டுக் கல்லறையில் புல் பிடுங்கி, முழங்காலிட்டு உட்கார்ந்து சுண்ணாம்பு அடிப்பார்கள். அன்றைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைப்பார்கள். சுண்ணாம்பு காணாத கல்லறையைப் பார்த்தால், "பாவம், இவங்களுக்கு யாரும் இல்ல போல" என்று சொல்லிக்கொண்டே நகர்வார்கள். மரியகுழந்தையும் எத்தனையோ கல்லறைகளைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறார். ஐடாவுக்கு இது முதல் கல்லறைத் திருநாள். அவளைப் பார்த்து யாரும் அந்த வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. அவருக்கு அந்த வருஷத்தில் இருந்த ஒரே ஆசை அதுதான்.

நிலையத்து டாக்டர் ஜெயகரன் வேலூர்ப் பக்கத்துப் பையன். முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து கடகடவென்று சத்தம் வந்தது.

"தேய்மானம். எலும்பும் எலும்பும் உரசுது. ஹைட்ரோகார்ட்டிசோன்னு ஒரு ஊசி கீது. நேரா மூட்டுக்குள்ளயே போட்டா மூணு மாசம் வலி அடங்கும். குணமாகாது. ஆனா நடப்பீங்க, மண்டி போடுவீங்க."

"மூணு மாசம் எதுக்குங்க டாக்டர்? எனக்கு ரெண்டு நாள் போதும். இப்பவே போட்டுடுங்க."

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "நான் எழுதித்தான் குடுக்க முடியும், பெரியவரே" என்றார்.

ஊசி மருந்து பன்னிரண்டு பாட்டில் நிலையத்தில் இருந்தது. இரும்புப் பெட்டிக்குள், மூன்று பூட்டுகளுக்குள் இருந்தது. சுரங்கத்திலிருந்து வருகிற தங்கத்துக்கே இரண்டு பூட்டுதான். முதல் சாவி நிலைய இயக்குநர் சிவப்பிரகாசத்திடம், இரண்டாவது ஹெட் கிளார்க் துளசிராமனிடம். மூன்றாவது சாவி இருக்கவேண்டிய இடத்தில் இருப்பதாகத் துளசிராமன் சொல்வார். எந்த இடம் என்று யாரும் கேட்டதில்லை.

"ஊசி கடைசிப் படி. முதல் படி மாத்திரை" என்றார் துளசிராமன். "ஏ.பி.சி. மாத்திரை, நாளுக்கு எட்டு, முப்பது நாள். இருநூத்தி நாப்பதும் முழுங்கி, அப்பவும் வலி இருந்தாத்தான் அது வலின்னு அர்த்தம்."

"வூட்டுக்குக் குடுத்தனுப்புங்க, முழுங்கிடறேன்."

"வீட்டுக்கா? கொண்டுபோய் பஜார்ல வித்துட்டா?"

ஆகவே தினமும் வந்து, அவர்கள் எதிரிலேயே விழுங்க வேண்டும். தினமும் பதினாலு படி. சுரங்க வாசலில், வெளியே வருகிற ஆட்கள் தங்கத் துணுக்கைக் கடத்துகிறார்களா என்று சோதனை போடுவார்கள் அல்லவா, அங்கே இருபது வருஷம் இருந்த வாட்ச்மேனையே நிலையத்துக்கு எடுத்திருந்தார்கள். மரியகுழந்தை மாத்திரையை விழுங்கியதும் அவன், "வாயைத் திற. நாக்கைத் தூக்கு. கடவாயைக் காட்டு" என்பான். டார்ச் அடித்துப் பார்ப்பான். முப்பது நாளும் பார்த்தான். வாய்க்குள் ஒன்றும் அகப்படவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

முப்பதாம் நாள் துளசிராமன் கேட்டார்: "வலி எப்படி?"

"முழங்கால் அப்டியேதான் கீதுங்க. இப்போ வயிறும் சேர்ந்து எரியுது. ராத்திரியில நெருப்பு மாதிரி எரியுது."

'வலி முழங்காலை விட்டு நகரத் தொடங்கியுள்ளது. மாத்திரை நன்கு வேலை செய்கிறது' என்று துளசிராமன் ஃபைலில் எழுதினார்.

செப்டம்பர் கடைசியில் நிலையத்தின் ஆண்டு விழா வந்தது. நோயாளி இல்லாமல் விழா எப்படி நடத்துவது? மரியகுழந்தையைக் கூப்பிட்டு முன்வரிசையில், கையில்லாத மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். எல்லாரும் எழுந்து நின்றபோது அவரால் எழ முடியவில்லை. மரியாதை தெரியாதவர் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

இயக்குநர் சிவப்பிரகாசம் ஒன்றேகால் மணி நேரம் பேசினார்.

"மூட்டு என்பது என்ன? இரண்டு எலும்புகள் ஒத்துழைப்பது. நிர்வாகம் என்பது என்ன? அதுவும் அதேதான். இந்த நிலையத்தில் சென்ற ஆண்டு ஓர் ஊசி மருந்துகூட வீணாகவில்லை. அதற்கு முந்திய ஆண்டும் வீணாகவில்லை. எப்படிச் சாதித்தோம்? மருந்தைத் தகுதியற்றவர் யாருக்கும் நாம் தரவில்லை. தகுதியுள்ளவர் யாரும் இதுவரை வரவில்லை. இந்தப் பகுதித் தொழிலாளர் எவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? பன்னிரண்டு பாட்டிலும் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே இருக்கின்றன. அடுத்த ஆண்டு அவற்றைப் பத்திரப்படுத்த நான்காவது பூட்டு ஒன்றுக்கு அனுமதி கேட்டிருக்கிறோம்!"

பலத்த கைதட்டல். டாக்டர் ஜெயகரன் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபர் முதல் வாரம் டாக்டர் எப்படியோ சண்டை போட்டு, ஊசிக்கு உத்தரவு வாங்கிக் கொடுத்தார். மரியகுழந்தை லாம்ப் ரூமில் லீவு சொல்லிவிட்டு, துவைத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். துளசிராமன் ஒரு ஃபாரத்தை நீட்டினார்.

"உடனாள் எங்கே?"

"யாருங்க?"

"கூட வந்த ஆளு. ஊசி போட்டா ரெண்டு நாள் காலை அசைக்கக் கூடாது. தூக்கிட்டுப் போக, பாத்துக்க, ஆளு வேணும். நிலையம் தொறக்கறதுக்கு முன்னாடி கம்பெனி ஆஸ்பத்திரில ஒருத்தனுக்கு ஊசி போட்டாங்க. வலி போச்சுன்ன சந்தோஷத்துல சினிமா பாக்க பங்காருபேட்டைக்கு நடந்தே போய்ட்டான். கால் பூசணிக்காயா வீங்கி வந்தான். அன்னிலேர்ந்து உடனாள் இல்லாம ஊசி இல்ல."

மறுநாள் பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டிக்கொண்டு வந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. அவள்தான் அவரைப் படி படியாக ஏற்றிவிட்டாள்.

"நீங்க இவருக்கு இன்னா வேணும்?" என்று துளசிராமன் கேட்டார்.

"பக்கத்து வூடுங்க. பன்னெண்டு வருஷமா."

"பக்கத்து வீடு உறவுமுறை இல்லம்மா. ரத்த சம்பந்தம், இல்லன்னா கல்யாண சம்பந்தம் இருக்கணும்."

"அண்ணே அண்ணேன்னு வாய் நெறைய கூப்புட்றேன், அது சம்பந்தம் இல்லையா?" என்று பாப்பம்மா கேட்டாள்.

'உறவு: வாய்மொழி மட்டும். ஏற்பதற்கில்லை' என்று எழுதிக்கொண்டார் துளசிராமன். உறவே இல்லாத ஆளுக்கும் விதியில் வழி இருந்தது. அவர் தனிமைச் சான்று வாங்கி வந்தால், நிலையமே ஓர் உடனாளை ஏற்பாடு செய்யும். தனிமைச் சான்றில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அவர்கள் விண்ணப்பதாரரின் வீட்டுக்கு அடிக்கடி வந்து போகிறவர்களாக இருக்க வேண்டும்.

மரியகுழந்தைக்குப் புரியவில்லை. "அடிக்கடி வந்து போறவங்க இருந்தா, நான் எப்டிங்க தனி ஆளு?"

"வந்து போகாதவங்களுக்கு, உங்க வீட்ல யாரும் இல்லன்னு எப்படித் தெரியும்?"

அவர் தாளை வாங்கிக்கொண்டு இறங்கினார். பாப்பம்மாவும் அவள் புருஷன் நாராயணசாமியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து இயக்குநரின் குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது: 'விண்ணப்பதாரர் வீட்டுக்கு இருவர் அடிக்கடி வந்து போவதாக அவர்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளனர். எனவே அவர் தனியாக இல்லை.'

அன்று வீட்டுக்கு வந்த மரியகுழந்தை அடுப்பிடம் விஷயத்தைச் சொன்னார். "நான் தனியா இல்லியாம். ஆபீஸ்ல எழுதியே குடுத்துட்டாங்க." அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எது முதலில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

டாக்டர் மறுபடி மேல்முறையீடு எழுதிக் கொடுத்தார். அக்டோபர் இருபதாம் தேதி விசாரணை. ரேஷன் கார்டு கொண்டுவரச் சொன்னார்கள். துளசிராமன் கார்டைப் பிரித்தவுடனே நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தார்.

"ஐயா, பெரிய மோசடியா இருக்கு. ஐடா, மனைவி, வயசு நாப்பத்தொம்போதுன்னு போட்டிருக்கே!"

மரியகுழந்தை தலையைக் குனிந்துகொண்டார். அவள் பங்கை அவர் ஒரு மாசம்கூட வாங்கியதில்லை, அது ரேஷன் கடைக்காரருக்கே தெரியும். பெயரைத்தான் அடிக்கச் சொல்லவில்லை. கடைக்காரர் ஒருமுறை சிவப்பு மசியைத் தொட்டு எழுதப் போனபோது, "அடுத்த மாசம் பாத்துக்கலாங்க" என்று கார்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"அவ செத்துட்டாளுங்க. பேரு மட்டும் அப்டியே வுட்டுட்டேன்."

"மரணச் சான்று?"

"அடக்கச் செலவுக்குன்னு சுரங்கத்து டைம் ஆபீஸ்ல குடுத்தேன். அவங்க திருப்பித் தரல."

"நகல் வாங்க ஆறு மாசம் ஆகும். அதுவரைக்கும் நிலையத்தின் பார்வையில உங்க மனைவி இருக்காங்க. இப்போ எங்க இருக்காங்க?"

"கல்லறைத் தோட்டத்துலங்க. மூணாவது வரிசை."

சிவப்பிரகாசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதுங்கள் துளசிராமன். மனைவி உள்ளூரிலேயே தனி முகவரியில் வசிக்கிறார். கணவர் நோயுற்ற நிலையில் பராமரிப்பது அவர் கடமை. ஏழு நாளுக்குள் நேரில் ஆஜராகும்படி நோட்டீஸ் அனுப்புங்கள்."

டாக்டர் ஜெயகரன் எழுந்து, "சார், அந்தம்மா செத்துப்போய்ட்டாங்க சார்!" என்றார்.

"டாக்டர், உங்கள் துறை முழங்கால். உயிர் இருக்கிறதா இல்லையா என்பது நிர்வாகத்தின் துறை" என்றார் சிவப்பிரகாசம். டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு போனவர் பியூன் ஹரோல்ட். ஐம்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. இரண்டாம் நாள் சாயங்காலம், மரியகுழந்தை சொல்லி அனுப்பாமலே, அவர் வீட்டு வாசலில் வந்து சைக்கிளை நிறுத்தினார்.

"போய்ட்டு வந்தேன்" என்றார்.

மரியகுழந்தை பெஞ்சை இழுத்துப் போட்டார். டீ போட்டார். ஏழு மாதமாகத் தன்னால் போக முடியாத இடத்துக்குப் போய்விட்டு வந்த ஆள் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். டீயை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"எப்டிங்க கீது?"

"புல்லு முளைச்சிருக்கு. முழங்கால் உசரம். தலைமாட்டுல ஒரு எருக்கஞ்செடி."

"சிலுவை?"

"நல்லா கீது. கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு, நேரா நிமித்தி வெச்சேன்."

"பேரு தெரியுதா?"

"தெரியுது. 'ஐ' எழுத்துல மட்டும் பெயிண்டு போய்கினு வருது."

மரியகுழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹரோல்ட் டீயை ஊதிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நோட்டீஸை ரெண்டு தடவை சத்தமா படிக்கணும்னு ரூல். படிச்சேன். எனக்கே ஒரு மாதிரி ஆய்டுச்சுங்க. படிச்சு முடிச்சிட்டு, உங்க வூட்டுக்காரர் காலு சரியில்லம்மா, அதான் வரல, வேற ஒன்னும் இல்லன்னு சொல்லிட்டு வந்தேன்."

மரியகுழந்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. ஹரோல்டும் இழுத்துக்கொள்ளவில்லை. அந்த நிலையத்தில் உருப்படியாக நடந்த ஒரே வைத்தியம் இதுதான் என்று நான் சொன்னால், அது எந்த ஃபைலிலும் ஏறாது.

அக்டோபர் முப்பதாம் தேதி இறுதி விசாரணை. 'நோட்டீஸ் படித்துக் காட்டப்பட்டது. எதிர்த்தரப்பினர் பதில் சொல்லவில்லை' என்ற ஹரோல்டின் அறிக்கையைச் சிவப்பிரகாசம் மேசைமேல் வைத்தார். அவர் முகம் மலர்ந்திருந்தது. மேசையில் இரும்புப் பெட்டியும் இருந்தது, பூட்டு திறந்திருந்தது. மூன்றாவது சாவி, முதல் சாவியின் வளையத்திலேயே மூன்று வருஷமாகக் கோத்துக் கிடந்ததாம். டாக்டர் ஊசியைக் கொதிக்க வைத்துத் தயாராக நின்றார்.

"மரியகுழந்தை, உங்களுக்கு நல்ல செய்தி. மனைவி அழைத்தும் வரவில்லை. ஆகவே விதி பதினேழின்படி நீங்கள் 'மனைவியால் கைவிடப்பட்டவர்'. கைவிடப்பட்டவர்களுக்கு நிலையமே உடனாள் தரும். ஹரோல்ட் இரண்டு நாள் உங்களோடு இருப்பார். இதில் ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மூன்று ஆண்டில் இந்த நிலையம் பெறும் முதல் தகுதியுள்ள நோயாளி நீங்கள். போட்டோ எடுக்கவும் ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்."

துளசிராமன் பேனாவைத் திறந்து கையில் கொடுத்தார். ஃபாரத்தில் பெரிய எழுத்தில் டைப் அடித்திருந்தது: 'என் மனைவி ஐடா என்னைக் கைவிட்டுவிட்டாள் என உறுதி கூறுகிறேன்.'

மரியகுழந்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடி படித்தார்.

"போட்ருங்க பெரியவரே" என்று டாக்டர் கெஞ்சினார். "வெறும் காயிதம். நாளன்னிக்கு நடக்கலாம். கல்லறைக்குப் போவலாம்."

"இதைப் போட்டுட்டு அங்க போய் நான் எந்த மூஞ்சிய காட்டறது டாக்டர்?" மரியகுழந்தை பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். "அவ கைவிடலைங்க. காய்ச்சல்ல கெடந்தப்பகூட, நான் ஷிப்ட் முடிஞ்சு வர்ற வரைக்கும் கண்ணைத் தொறந்துகினே கெடந்தா. நான் வந்தப்புறம்தான் மூடினா. இப்டியெல்லாம் எழுதாதீங்க."

சிவப்பிரகாசத்துக்கு உண்மையாகவே மனம் நொந்தது. இவ்வளவு தூரம் இறங்கி வந்தும் தொழிலாளி ஒத்துழைக்காவிட்டால் நிலையம் என்னதான் செய்யும்? பெட்டியை மூன்று பூட்டும் போட்டுப் பூட்டினார்கள். 'நோயாளி சிகிச்சையை மறுத்தார்' என்று ஃபைல் மூடப்பட்டது. வந்த போட்டோக்காரர் வீணாகப் போகவேண்டாமென்று பெட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மரியகுழந்தை பதினாலு படியும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்.

நவம்பர் இரண்டாம் தேதி, காலைப் பூசை மணி அடித்தபோது அவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். பாப்பம்மாவும் நாராயணசாமியும் பூதிகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஒரு கையில் கழி, ஒரு கையில் சுண்ணாம்பு டப்பா, அடிக்கிற மட்டை, இடுப்பில் அரிவாள். மற்றவர்களுக்கு அரை மணி நேர வழி. அவர் பத்தடி நடந்து நின்றார், மறுபடி பத்தடி நடந்தார். சயனைடு மேட்டு ஓரத்தில் வெள்ளை மண் காற்றில் பறந்து வேட்டியில் படிந்தது. பூவோடு போன ஜனங்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். அப்புறம் அதே ஜனங்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். "இன்னா மரியகுழந்தை, இப்போதான் போறியா?" என்று ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். "ஆமாம்பா, போறேன்" என்றார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. தோட்டத்தில் ஒரு ஆள்கூட இல்லை. எல்லாக் கல்லறையும் வெள்ளை வெளேரென்று, மேலே மெழுகு உருகி வழிந்து கிடந்தது. மூன்றாம் வரிசையில் ஒன்றுதான் புல்லுக்குள் இருந்தது. காலையிலிருந்து இந்த வழியே போன அத்தனை பேரும் அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

அவர் நின்று பார்த்தார். நின்றபடி புல் வெட்ட முடியாது. சுண்ணாம்பு அடிக்க முடியாது. கீழே இறங்கினால், தூக்கிவிட ஆளில்லாமல் எழுந்திருக்க முடியாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கழியை ஓரமாக வைத்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு முழங்காலையும் மண்ணில் ஊன்றினார். வலி தலைவரைக்கும் ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. எருக்கஞ்செடியை வெட்டினார். புல்லை வேரோடு பிடுங்கிப் போட்டார். தலைமாட்டிலிருந்து கால்மாடுவரைக்கும், சுற்றிலும் நகர்ந்து நகர்ந்து, ஒரு இடம் விடாமல் சுண்ணாம்பு அடித்தார்.

முடித்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. இன்னொரு முறை பார்த்தார். கழி எட்டாத தூரத்தில் கிடந்தது. சுற்றிலும் பார்த்துவிட்டு, ஈரம் காயாத சுண்ணாம்பின் மேலேயே முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினார். ஏழெட்டு மாதத்துச் சங்கதி பாக்கி இருந்தது.

"எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல ஐடா" என்றார். "அவசரம் ஒன்னும் இல்ல. நான் இங்கதான் கீறேன்."